நல்ல சுகம், நன்றி

அந்தக் கேள்வியை மட்டும் என்னட்டைக் கேக்காதேங்கோ, ஐயா. வேறை எதையும் கேளுங்கோ. லண்டனிலை எத்தினை வருசம், என்ன வேலை, பிள்ளையள் எத்தினை, சொந்த வீடோ வாடகை வீடோ, எல்லாத்துக்கும் பதில் சொல்லுவன். 'எப்படி இருக்கீங்க' எண்டு மட்டும் கேக்காதேங்கோ. கோவிக்காதேங்கோ, நீங்கள் மரியாதைக்குக் கேட்டனீங்கள் எண்டு எனக்கு விளங்குது. அந்தக் கேள்வியாலைதான் நான் இண்டைக்கு இந்த ஆசுப்பத்திரிக் கதிரையிலை குந்திக்கொண்டிருக்கிறன்.

நீங்கள் திருச்சியோ? மகளுக்கு மேல் மாடியிலை பிள்ளை பிறக்கப்போகுதோ? நல்லது, நல்லபடியாப் பிறக்கும். எனக்கு மனிசி உள்ளுக்கை, பெண்சாதியைச் சொல்லுறன். இடது முழங்கால் ஒப்பரேசன். ரெண்டு மணித்தியாலம் எண்டு சொன்னவை, ஒண்டரை முடிஞ்சுது. அந்தத் தேத்தண்ணியைக் குடியாதேங்கோ, மெசின் தேத்தண்ணி. கையைச் சூடாக்க வைச்சிருங்கோ, அதுக்கு நல்லது.

என்ரை பேர் குணநாயகம். இஞ்சத்தை ஆக்களுக்கு மிஸ்டர் குணா. வந்து முப்பத்தெட்டு வருசம். வந்த புதுசிலை பாண், நீங்கள் பிரெட் எண்டுறது, போடுற ஃபக்ரறி ஒண்டிலை வேலை. முதல் நாள் காலமை மேலாளர் வந்து, 'ஹவ் ஆர் யூ?' எண்டு கேட்டார். அட, மனுசன் அக்கறையாக் கேக்கிறாரே எண்டு நானும் வடிவாச் சொன்னன். குளிர் தாங்கேலாமல் கிடக்கு, அறையிலை ஹீற்றர் வேலை செய்யுதில்லை, ஊரிலை தம்பியை ஆமிக்காரன் பிடிச்சுக்கொண்டு போட்டான், அம்மாவின்ரை கடிதம் வந்து ரெண்டு மாசம். நான் ஹீற்றரிலை நிக்கேக்கையே அவரின்ரை முகம் மாறிப்போச்சு. தம்பிக்கு வரேக்கை மெல்லப் பின்னுக்கு நடக்கத் துவங்கிவிட்டார். அம்மாவுக்கு வந்து சேரேக்கை அங்கை ஆள் இல்லை.

அதே கிழமை ஒரு ஐரிஷ்காரன் மெசினிலை கை நசிஞ்சு, கட்டோடை வந்து நிண்டான். மேலாளர் அவனையும் கேட்டார். அவன் 'நொட் டூ பாட்' எண்டான். இன்னொருத்தியைப் புருசன் விட்டிட்டுப் போட்டான். அவவும் சிரிச்சுக்கொண்டு 'குறை சொல்லேலாது' எண்டா. அப்பதான் எனக்கு உறைச்சுது. இது கேள்வி இல்லை, ஐயா. கோயில் மணி மாதிரி. மணி அடிச்சால் கும்பிடுறது. ஏன் அடிச்சனீங்கள் எண்டு ஆரும் விசாரிக்கிறேல்லை.

அண்டையிலை இருந்து நான் 'வெரி வெல், தாங்க் யூ.' காய்ச்சல் நூற்றிமூண்டு, வெரி வெல். வேலை போச்சு, வெரி வெல். அம்மா செத்த செய்தி வந்த அண்டைக்கும் வெரி வெல்தான். எனக்கு அதிலை ஒரு பெருமை. எங்கடை சனத்துக்குள்ளை வெள்ளைக்காரன் மாதிரி நடக்கத் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான் எண்டு ஒரு நினைப்பு.

மனிசி தவமலர் இதைப் பழகவே மாட்டன் எண்டிட்டா. 'கேட்டால் சொல்லத்தானே வேணும்' எண்டுவா. டொக்டரிட்டைப் போனால் நான்தான் மொழிபெயர்ப்பு. டொக்டர் 'இண்டைக்கு எப்பிடி' எண்டு கேக்க, அவ வாய் திறக்க முதல் நான் 'ஷீ இஸ் வெரி வெல், தாங்க் யூ' எண்டிடுவன். ஒருநாள் அந்தக் குஜராத்தி டொக்டர் கண்ணாடிக்கு மேலாலை பாத்து, 'அப்ப ஏன் வந்தனீங்கள்?' எண்டு கேட்டார். நான் சிரிச்சன். நல்ல பகிடி விடுறார் எண்டு நினைச்சன்.

சரி, அரசியலுக்கு வருவம். அரசியல் இல்லாமல் இந்த முழங்கால் விளங்காது.

போன தேர்தல் வரைக்கும் இஞ்சை பதினாலு வருசம் நீலக் கட்சியின்ரை ஆட்சி. எங்கடை பகுதிக்கு எம்.பி. மிஸ்டர் பெல்ஃபோர்ட். நல்ல உயரம், நல்ல சப்பாத்து. நான் எங்கடை சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் செயலாளர். வருசா வருசம் கலைவிழாவுக்கு அவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போத்துவன். பன்னிரண்டு பொன்னாடை போத்தியிருக்கிறன், ஐயா. அந்த மனுசன் வீட்டு யன்னலுக்கெல்லாம் அதைத்தான் கொழுவியிருப்பார் எண்டு மனிசி சொல்லுவா.

ஒவ்வொருக்காலும் போத்தேக்கை குனிஞ்சு காதுக்குள்ளை கேப்பார், 'வீட்டிலை எல்லாரும் எப்பிடி, மிஸ்டர் குணா?' நான் 'வெரி வெல், தாங்க் யூ.' அதை ஒருத்தர் படம் எடுத்துப்போட்டார். நானும் எம்.பி.யும் காதோடை காதாக் கதைக்கிற படம். பாக்கிற சனம் ஏதோ நாட்டு விசயம் கதைக்கிறம் எண்டு நினைக்கும். அதைப் பெரிசாக்கி ரீவிக்கு மேலை கொழுவினன்.

மனிசியின்ரை முழங்கால் ஆறு வருசத்துக்கு முந்தித் துவங்கினது. முதலிலை படியாலை நண்டு மாதிரிப் பக்கவாட்டிலை இறங்கினா. பேந்து குழந்தைப்பிள்ளையள் மாதிரி ஒவ்வொரு படியிலையும் இருந்து இருந்து இறங்கினா. பேந்து மேலை போறதையே விட்டிட்டுக் கீழை சோபா செற்றியிலை படுக்கத் துவங்கினா. செற்றிக்கு நேரெதிரை ரீவி. ரீவிக்கு மேலை அந்தப் படம். நோவோடை படுத்துக்கொண்டு அதைத்தான் பாத்துக்கொண்டிருப்பா.

'இஞ்சேருங்கோ, பட்டியலிலை பேர் போட்டு ரெண்டு வருசமாப் போச்சு. உங்கடை எம்.பி.யிட்டை ஒருக்காச் சொல்லுங்கோவன்' எண்டுவா.

'சொல்லிப்போட்டன். பாப்பம் எண்டவர்' எண்டுவன் நான்.

சொல்லேல்லை, ஐயா. ஒருநாளும் சொல்லேல்லை. பொன்னாடை போத்துற இடத்திலை முழங்காலை எப்பிடி எடுக்கிறது? அவர் என்னை ஒரு சமூகத் தலைவர் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறார். முழங்காலைச் சொன்னால் பிறகு நானும் வரிசையிலை நிக்கிற ஒரு ஆள்தானே.

அந்தா, கதவு திறக்குது. ஓ, எங்களுக்கில்லை. இருங்கோ, இருங்கோ.

பேந்து தேர்தல் வந்துது. சரியான மழை. நான் பெல்ஃபோர்ட்டின்ரை நோட்டீசுக் கட்டோடை வீடு வீடா ஏறி இறங்கினன். ஒவ்வொரு கதவிலையும் சனம் குறை சொல்லுது. டொக்டரைப் பாக்க எட்டு மணிக்கு ரெலிபோன் எடுத்தால் நாப்பதாவது ஆளா நிக்கவேணுமாம், றோட்டெல்லாம் குண்டும் கிடங்குமாம், பஸ் வாறேல்லையாம். நான் பொறுமையைப் பற்றி விளக்கம் குடுத்தன். வீட்டிலை ஒருத்தி மூண்டு வருசமாப் படி ஏறேல்லை, நான் தெருவிலை பொறுமை படிப்பிக்கிறன்.

அந்தக் கிழமைதான் ஆசுப்பத்திரியிலை இருந்து ஒரு பிள்ளை ரெலிபோன் எடுத்துது. நான் வாசலடியிலை சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிக்கிறன், கை நிறைய நோட்டீஸ். 'மிஸிஸ் குணநாயகம் இப்ப எப்பிடி இருக்கிறா? முழங்கால் எப்பிடி?' எண்டு நல்ல இனிமையாக் கேட்டா. நானும் விடேல்லை. 'ஓ, வெரி வெல், தாங்க் யூ, குறை சொல்லேலாது.' 'அப்ப வேறை ஒண்டும் தேவைப்படேல்லையோ?' 'இல்லை இல்லை, கேட்டதே பெரிய காரியம்.' ரெலிபோனை வைச்சிட்டு எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு. ஆசுப்பத்திரியே வீடு தேடிச் சுகம் விசாரிக்குது! எல்லாம் பெல்ஃபோர்ட்டின்ரை செல்வாக்கு எண்டு நினைச்சன். கடையிலை ரெண்டு மூண்டு பேருக்குச் சொல்லியும் போட்டன்.

அடுத்த நாள் நான் தெருவிலை நிக்கேக்கை எங்கடை வீட்டுக் கதவைத் தட்டினது ஆர் தெரியுமோ? மற்றக் கட்சி வேட்பாளர். மிஸ் தார்ன்லி, சின்னப் பொம்பிளை, முப்பத்தஞ்சு வயசு இருக்கும். தவமலர் சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து திறக்குமட்டும் மழையிலை நிண்டிருக்கிறா. கதவு திறந்தவுடனை 'ஹவ் ஆர் யூ?' எண்டு கேட்டிருக்கிறா.

எங்கடை ஆளுக்குத்தான் அந்தப் பழக்கம் இல்லையே. 'நொட் குட்' எண்டிருக்கிறா. சீலையை முழங்கால் மட்டும் தூக்கி, 'லுக்' எண்டு காட்டியிருக்கிறா. வீங்கிப் பூசணிக்காய் மாதிரி. அந்தப் பிள்ளை உள்ளுக்கை வந்து இருந்து, வடை சாப்பிட்டு, ஒரு கொப்பியிலை எல்லாம் எழுதிக்கொண்டு போயிருக்கிறா. நான் வீட்டை வரேக்கை மேசையிலை ரெண்டு கோப்பை.

'நல்ல பிள்ளை. முழங்காலைத் தொட்டுப் பாத்தவ' எண்டா மனிசி.

'எல்லாம் வோட்டுக்கு, தவம். நீர் ஒரு அப்பாவி' எண்டு நான் சிரிச்சன். வோட்டுப் போட்டிட்டு வரேக்கை ஆருக்குப் போட்டனீர் எண்டு கேட்டன். 'என்னைக் கேட்ட ஆளுக்கு' எண்டு சொல்லிப்போட்டுத் தடியை ஊண்டி முன்னுக்கு நடந்தா.

விடியப் பாத்தால் ஆட்சி மாறிப்போச்சு. நாடு முழுக்கச் சிவப்பு. பெல்ஃபோர்ட்டும் மிஸ் தார்ன்லியிட்டைத் தோத்துப்போனார். நான் யன்னலாலை எட்டிப் பாத்தன், ஏதோ மாறியிருக்கும் எண்டு. அதே மழை. அதே பிந்தி வாற பஸ். பக்கத்து வீட்டு மிஸிஸ் கோல்மன் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு, 'ஒரு மாற்றம் நல்லதுதானே, மிஸ்டர் குணா' எண்டா. பதினாலு வருசத்து ஆட்சியைப் பற்றி இந்த நாட்டிலை அவ்வளவுதான் கதைக்கிறது. பிறகு தொட்டியைப் பற்றிக் கதைச்சம்.

நான் படத்தைக் கழட்டினன். சுவரிலை சதுரமா ஒரு வெள்ளைத் தழும்பு, அதிலை கோயில் கலண்டரைக் கொழுவினன். ஆட்சி மாறி மூண்டாம் மாசம் கலைவிழா. பெல்ஃபோர்ட்டுக்கெண்டு எடுத்து வைச்ச பதின்மூண்டாவது பொன்னாடை அலுமாரிக்குள்ளை கிடந்தது. மிஸ் தார்ன்லிக்குப் போத்தினன். கட்டையான பிள்ளை, தரையிலை இழுபட்டுது.

ஆனால் மேடையிலைதான் பொன்னாடை. கடையிலையும் பஸ்சிலையும் நான் எதிர்க்கட்சி. 'என்ன செய்து கிழிச்சவை? ரெண்டு மாசமாச்சு, ஒரு கிடங்கு மூடிச்சினமோ?' எண்டு கேப்பன். பதினாலு வருசம் பொறுமை படிப்பிச்சவன், பதினாலு நாள் பொறுக்கேல்லை. பஸ்சிலை வாற சனமெல்லாம் தலையாட்டும். அதுகள் பழைய ஆட்சிக்கும் அப்பிடித்தான் தலையாட்டினதுகள்.

அப்பதான் ஆசுப்பத்திரிக் கடிதம் வந்துது. மிஸ் தார்ன்லி எழுதிக் கேட்டிருக்கிறா. தேடிப் பாத்து எங்களுக்குப் பதில் போட்டிருக்கினம். நான் செற்றி ஓரத்திலை நிண்டு வாசிச்சன். ஜூன் மாசம் நாங்கள் ரெலிபோனிலை விசாரிச்சபோது, நோயாளி நல்ல சுகமாக இருக்கிறார், வேறொண்டும் தேவையில்லை எண்டு அவரது கணவர் சொன்னதாலை பேரைப் பட்டியலிலை இருந்து எடுத்துவிட்டம், இப்ப எம்.பி. கேட்டதாலை திரும்பச் சேர்த்திருக்கிறம் எண்டு எழுதிக் கிடந்தது.

கணவர் எண்டால் நான்தானே, ஐயா. அந்த வீட்டிலை வேறை கணவர் இல்லையே.

'என்னவாம்?' எண்டு செற்றியிலை இருந்து கேட்டா. என்ரை வாயைத்தான் பாத்துக்கொண்டிருந்தா.

'பேரைத் தவறவிட்டிட்டினமாம். எல்லாம் பழைய ஆட்சியின்ரை பிழை' எண்டன்.

பன்னிரண்டு வருசம் தோளிலை தூக்கின மனுசனை ஒரு நிமிசத்திலை போட்டு உடைச்சன்.

அதோடை முடிஞ்சிருந்தால் பரவாயில்லை. மனிசி தனக்குத் தெரிஞ்ச இங்கிலிசிலை அதை மிஸ் தார்ன்லிக்குச் சொல்லிப்போட்டா. அவ மெய்யெண்டு நம்பினா. ஆசுப்பத்திரி அவவுக்குத் திரும்பச் சேர்த்தாச்சு எண்டு மட்டும்தான் எழுதினது, காரணம் எழுதேல்லை. அடுத்த மாசம் எங்கடை கதவுத் துவாரத்தாலை ஒரு நோட்டீஸ் விழுகுது. மனிசியின்ரை படம், முழங்காலிலை கை வைச்சுக்கொண்டு. மேலை பெரிய எழுத்திலை, 'பழைய ஆட்சி மறந்த முழங்கால்.' ஐயாயிரம் வீட்டுக்குப் போச்சு. பிறகு பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவிலை அதைப் பேச்சாவும் பேசினா. மண்டபம் முழுக்கக் கைதட்டு. மேடையிலை செயலாளர் நான்தான் எல்லாரிலும் உரக்கத் தட்டினன். தட்டாட்டில் சந்தேகப்படுவினமே.

இதை நான் இதுவரைக்கும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்களுக்கு ஏன் சொல்லுறன் எண்டும் தெரியேல்லை. நீங்கள் மகளைப் பாத்திட்டுத் திருச்சிக்குப் போயிடுவீங்கள், அதாலையாக்கும்.

போன மாசம் சுப்பர் மாக்கற்றிலை வெங்காயம் எடுத்துக்கொண்டு நிக்கிறன். பக்கத்திலை ஒரு உயரமான மனுசன் கூடையோடை. பெல்ஃபோர்ட். தனிய. கூட ஒருத்தரும் இல்லை, கூடைக்குள்ளை ஒரு பாணும் ரெண்டு தக்காளியும். எனக்கு ஓடவேணும் போலை இருந்தது. அவர் கண்டிட்டார். கூடையைக் கீழை வைச்சிட்டு என்ரை கையைப் பிடிச்சார்.

'மிஸ்டர் குணா, அந்த நோட்டீசைப் பாத்தனான். உங்கடை மனைவியின்ரை முழங்கால். என்னை மன்னிக்கவேணும். என்ரை காலத்திலை நடந்திருக்கு, எனக்குத் தெரியாமல் போச்சு' எண்டார். பிறகு, 'நான் ஒவ்வொரு வருசமும் உங்களைக் கேட்டனானே' எண்டார்.

அவர் உண்மையாத்தான் கேட்டிருக்கிறார், ஐயா! நான் மணி எண்டு நினைச்சன். ஒரு மனுசன் பன்னிரண்டு தரம் குனிஞ்சு காதுக்குள்ளை கேட்டிருக்கிறார். என்ரை பிழைக்கு அந்த மனுசன் வெங்காயத்துக்குப் பக்கத்திலை நிண்டு மன்னிப்புக் கேக்கிறார். சொல்லியிருக்கலாம். வாயிலை வந்திட்டுது. அப்ப அவர் கேட்டார், 'நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள்?'

'வெரி வெல், தாங்க் யூ' எண்டு சொல்லிப்போட்டு வெங்காயத்தோடை வந்திட்டன்.

மனிசிக்கு இண்டைக்கு விடியக் காலமை சொல்லுறதெண்டு முடிவெடுத்தன். ராக்சியிலை சொல்லுவம் எண்டால் ராக்சிக்காரர் எங்கடை தமிழ் ஆள். இஞ்சை கட்டிலிலை படுத்திருக்கேக்கை சொல்லுவம் எண்டால், மயக்க மருந்து குடுக்கிற டொக்டர் வந்து நிண்டார். முந்தி எண்டால் சின்ன விசயமாம். பிந்தினதாலை பிரஷரும் கூடி, நீரிழிவும் கூடி, இருதயத்தையும் பாத்துத்தான் செய்யவேணுமாம். கையெழுத்து வாங்கினார். சொல்ல வந்ததை விழுங்கிப்போட்டன்.

பிறகு ஒரு நேர்ஸ் வந்து ஃபைலை வாசிச்சு எல்லாம் சரியோ எண்டு கேட்டா. பேர் சரியோ, பிறந்த திகதி சரியோ. 'போன வருசம் ஜூன் மாசம் பட்டியலிலை இருந்து எடுத்திருக்கு. நோயாளி சுகம் எண்டு கணவர் சொல்லியிருக்கிறார். இப்ப நோவு இருக்கோ?' எண்டா. அந்தளவு இங்கிலிசு தவமலருக்கு நல்லா விளங்கும்.

அவ என்னைப் பாத்தா. நாப்பத்திரண்டு வருசக் கலியாணத்திலை அப்பிடி ஒரு பார்வை நான் காணேல்லை. வாய் திறந்தா. அந்த நேரம் பாத்துக் கட்டிலைத் தள்ளத் துவங்கிவிட்டினம். கதவடியிலை தலையைத் திருப்பி, 'வெளியிலை வந்து கதைக்கிறன்' எண்டா. அவ்வளவுதான். கதவு மூடிப்போச்சு.

இப்ப சொல்லுங்கோ, ஐயா. வீட்டிலை அவ சத்தம் போட்டால் நான் மெல்லச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியிலை நழுவுற ஆள். இண்டைக்கு நான் இஞ்சை இருந்து கும்பிடுறது என்னத்துக்கு? அவ வெளியிலை வரவேணும். வந்து எனக்கு ஏசவேணும். பொன்னாடைக்கு ஏசவேணும், படத்துக்கு ஏசவேணும், ரெலிபோனுக்கு ஏசவேணும். ஒரு வருசத்துக்கு ஏசட்டும். அந்தப் படியிலை ஏறி மேலை வந்து நிண்டு ஏசட்டும். அவ ஏசாமல் போனால் நான் என்ன செய்யிறது? நீங்கள் வந்து இருந்தவுடனை கேட்டீங்களே, எப்படி இருக்கீங்க எண்டு? நல்லா இல்லை, ஐயா. சரியான பயமா இருக்கு.

பொறுங்கோ. அந்த நேர்ஸ் இஞ்சாலைதான் வாறா. மலையாளப் பிள்ளை போலை. என்னைத்தான் பாக்கிறா. எழும்பவேணும்.

ஓம் பிள்ளை, நான்தான் மிஸ்டர் குணா.

நானோ? நான் எப்பிடி இருக்கிறனோ? இல்லைப் பிள்ளை. நொட் வெல். நொட் வெல் அற் ஓல். முதல் அவவைச் சொல்லுங்கோ.

கேட்டீங்களோ, ஐயா? முடிஞ்சுதாம். நல்லபடியா முடிஞ்சுதாம். கண் முழிச்சிட்டாவாம். இந்தப் பிள்ளைக்கு எங்கடை தமிழ் பாதி விளங்குமாம். முழிச்ச நேரத்திலை இருந்து எனக்குத்தான் ஏச்சாம். ஊசி போடேக்கையும் நிப்பாட்டேல்லையாம்.

இந்தாங்கோ, என்ரை தேத்தண்ணியையும் பிடியுங்கோ. நான் கெதியாப் போகவேணும், ஐயா. எனக்குரிய ஏச்செல்லாம் உள்ளுக்கை நான் இல்லாமல் போய்க்கொண்டிருக்கு.